சாப்பிட்டதும் தூக்கம் வந்தா ஹார்மோன் குறைபாடா? (ஆடம் கேள்வித்தாள்)

மேலூர் மாணிக்கம்:
போன வாரம் வேறொரு இழையில கார்த்தி இப்படி எழுதிட்டுப் போனார்: "ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) குறைபாட்டுக்கான ஆடம் (ADAM) கேள்வித்தாள் முறையாகச் சரிபார்க்கப்பட்டது. 88 சதவீதம் கண்டுபிடிக்கும். தெரியாதவர்கள் பேச வேண்டாம்." அந்தத் தெரியாதவன் நான்தான். அதனால இங்க பேசுறேன்.

எங்க அண்ணனுக்கு 58 வயசு. விவசாயம். ஊருக்கு வந்த ஒரு பரிசோதனை முகாம்ல இந்தப் பத்துக் கேள்வியைத் தமிழ்ல அச்சடிச்சுக் கொடுத்தாங்க. உடம்புல தெம்பு குறைஞ்சிருக்கா? ஆம். விளையாட்டுத் திறன் குறைஞ்சிருக்கா? அவர் கபடி ஆடினது பள்ளிக்கூடத்துல, அதனால ஆம். ஒன்பதாவது: சாப்பிட்ட பிறகு தூக்கம் வருகிறதா? ஆம். மூணு 'ஆம்' விழுந்தா குறைபாடு இருக்கலாம்னு கணக்கு. சாயங்காலம் 4 மணிக்கு ரத்தம் எடுத்து டெஸ்டோஸ்டிரோன் பார்த்தாங்க, 268 வந்துச்சு, குறைவு, ஊசி போடணும்னு சொல்லிட்டாங்க. அண்ணன் பத்து நாளா யார்கிட்டயும் முகம் கொடுத்துப் பேசலை. அப்புறம் நான் மதுரைக்குக் கூட்டிட்டுப் போய் காலை 8 மணிக்கு வெறும் வயித்துல எடுத்தேன். 431, சரியான அளவு.

சாப்பிட்டதும் தூக்கம் வர்றதை நோய்னு எழுதின தாளை எவன் சரிபார்த்தான்?

கார்த்தி:
சரிபார்த்தவர்கள் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்லியும் அவர் குழுவும். 2000ல் வெளிவந்த ஆய்வு. 40 முதல் 82 வயது வரையுள்ள 316 கனடா மருத்துவர்கள். அவர்களில் 25 சதவீதத்தினருக்கு உடலுக்குப் பயன்படும் நிலையிலுள்ள டெஸ்டோஸ்டிரோன் குறைவு. குறைவு உள்ளவர்களில் 88 சதவீதத்தினரைக் கேள்வித்தாள் பிடித்தது. இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து மறுபடி நிரப்பச் சொல்லியும் பார்த்தார்கள்.

உங்கள் அண்ணன் விஷயத்தில் தவறு முகாமுடையது. மூலத்தில் 'டின்னர்' என்றுதான் இருக்கிறது. இரவுச் சாப்பாடு. அதை வெறும் 'சாப்பிட்ட பிறகு' என்று அச்சடித்ததற்கும், காலையில் எடுக்க வேண்டிய ரத்தத்தை மாலை 4 மணிக்கு எடுத்ததற்கும் கேள்வித்தாள் பொறுப்பா? ஒன்பது வருடமாக மருந்து ஆய்வுத் தரவுகளோடு வேலை செய்கிறேன். முகாம் கதைகளை வைத்து ஒரு கருவியை எடை போட மாட்டோம்.

பொள்ளாச்சி பாபு:
அரிசிச் சோறு சாப்பிட்டா தூக்கம் வரத்தான் செய்யும். இதுக்கு ஆராய்ச்சி எதுக்கு?

மேலூர் மாணிக்கம்:
கார்த்தி, 88ஐ மட்டும் சொல்லிட்டு 60ஐ ஏன் முழுங்குறீங்க? அதே ஆய்வுலதான் இருக்கு. குறைபாடு இல்லாதவங்கள்ல 60 சதவீதம் பேரைத்தான் 'இல்லை'ன்னு சரியா விட்டுச்சு. நான் பேப்பர்ல போட்டுப் பார்த்தேன். 316ல கால்வாசி 79 பேர். அதுல 88 சதவீதம் சுமார் 70. மீதி 237 நல்ல ஆளுங்க. அதுல 40 சதவீதம் சுமார் 95 பேரை 'உனக்கும் இருக்கு'ன்னு கைகாட்டியிருக்கு. ஆக 165 பேரைப் பிடிச்சதுல 95 பேரைச் சும்மா பிடிச்சிருக்கு. எங்க அண்ணன் அந்த 95ல ஒருத்தர்.

அந்த 95 பேர்ல எத்தனை பேர் ஒன்பதாவது கேள்வியால மாட்டினாங்க? அதைச் சொல்லுங்க.

கார்த்தி:
முதற்கட்ட வடிகட்டி என்றால் யாரையும் தவறவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். கூடுதலாகச் சிலர் மாட்டுவார்கள், ரத்தப் பரிசோதனை அவர்களை விடுவிக்கும். உங்கள் அண்ணனை விடுவித்ததா இல்லையா? அப்படியானால் முறை வேலை செய்திருக்கிறது.

மேலூர் மாணிக்கம்:
முறை வேலை செய்யலை. நான் வேலை செஞ்சேன். 70 கிலோமீட்டர் கூட்டிட்டு அலைஞ்சேன். தம்பி இல்லாதவன் ஊசி போட்டுட்டு உக்காந்திருப்பான்.

ஒன்பதாவது கேள்விக்கு இன்னும் பதில் வரலை.

நர்ஸ் ஜெயந்தி:
மாணிக்கம் அண்ணே, ஒன்பதாவதை விடுங்க, மொத்தத் தாளையும் பாருங்க. ஐரோப்பாவுல எட்டு ஊர்கள்ல 40ல இருந்து 79 வயசு வரைக்கும் 3369 ஆண்களைப் பார்த்து 2010ல ஒரு ஆய்வு வந்துச்சு. 32 அறிகுறி கேட்டாங்க. டெஸ்டோஸ்டிரோன் குறைவோட சேர்ந்து ஒரே கோளாறா நின்னது மூணே மூணு: காலையில விறைப்பு குறையுறது, உறவு நேரத்துல விறைப்பு வராம போறது, அந்த நினைப்பே குறையுறது. அசதியும் சோகமும் அந்தக் கூட்டுல சேரலை. மூணும் இருந்து ரத்த அளவும் குறைஞ்சவங்க 2.1 சதவீதம்தான். ஆடம் தாள்ல பத்துல ரெண்டு கேள்விதான் இந்தப் பக்கம். மீதியில பெரும்பாலானது சர்க்கரைக்கும் வரும், ரத்தசோகைக்கும் வரும், மகள் கல்யாணக் கடனுக்கும் வரும்.

ஆனா ஒண்ணு கேக்குறேன். அண்ணனுக்குத் தெம்பு ஏன் குறைஞ்சுதுன்னு பார்த்தீங்களா? சர்க்கரை, தைராய்டு பார்த்தாச்சா?

மேலூர் மாணிக்கம்:
பாத்தீங்களா, ஜெயந்தியே சொல்லிட்டாங்க. தூக்கம் அந்த மூணுல இல்லை. இல்லவே இல்லை.

நர்ஸ் ஜெயந்தி:
நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கண்ணே.

யாழ் குமரன்:
முதல்ல அது கேள்வித்தாள் இல்லை, வினாக்கொத்து. கேள்வித்தாள் எண்டால் சோதினைக்குக் குடுக்கிறது. ரெண்டாவது, ஒரு வினாக்கொத்தை இன்னொரு மொழிக்குக் கொண்டு வாறதுக்கு முறை இருக்கு. ரெண்டு பேர் தனித்தனியா மொழிபெயர்க்க வேணும். மூலத்தைப் பாக்காத இன்னொராள் அதைத் திருப்பி மொழிபெயர்க்க வேணும். பிறகு நோயாளர் கொஞ்சப்பேரை இருத்தி, "இந்தக் கேள்வி உங்களுக்கு என்னெண்டு விளங்குது?" எண்டு கேக்க வேணும். அப்பிடிக் கேட்டிருந்தால் முதல் ஆளே "மத்தியானமோ இராவோ?" எண்டு கேட்டிருப்பார். முகாமில அதை ஆரும் செய்யேல்லை. கனடா டொக்டர்மாரில சரிபார்த்தது மேலூர்க் கமக்காரருக்கும் சரி எண்டு கார்த்தி எப்பிடிச் சொல்றார்?

கார்த்தி:
குமரன், மொழிபெயர்ப்பு சரியில்லை என்று இரண்டாவது பதிவிலேயே எழுதிவிட்டேன். படிக்காமல் வந்து பாடம் எடுக்க வேண்டாம். தமிழ்நாட்டில் கேள்வித்தாள் என்றுதான் சொல்வோம்.

யாழ் குமரன்:
நீங்கள் எப்பிடியும் சொல்லுங்கோ. அது பிழை எண்டு நான் சொல்லுவன்.

பொள்ளாச்சி பாபு:
கார்த்தி சார் பாடம் எடுக்கலாம், மத்தவங்க எடுக்கக் கூடாது. வைட்டமின் டி இழையிலயும் இதேதான். வெயில்ல நிக்கிறவனுக்குக் குறையாதுன்னு சத்தியம் பண்ணார். என் மச்சான் கட்டட மேஸ்திரி, அவனுக்கு 11தான் வந்துச்சு, ரொம்பக் குறைவு. ரிப்போர்ட்டைப் போட்டேன். மன்னிப்பு இன்னும் வரலை.

கார்த்தி:
'பொதுவாக' என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு சொல்லை ஒரு வருடமாக விழுங்கிக்கொண்டே இருக்கிறீர்கள்.

மேலூர் மாணிக்கம்:
வைட்டமினை அப்புறம் பார்ப்போம். இந்தத் தாள் பொறந்த கதையைக் கேளுங்க. 2013ல நியூயார்க் டைம்ஸ் எழுதுச்சு. மார்லியே சொன்னது: குளியலறையில உக்காந்து 20 நிமிஷத்துல கழிவறைக் காகிதத்துல கிறுக்கி, மறுநாள் செயலாளர்கிட்ட தட்டச்சுக்குக் கொடுத்தாராம். மருந்து கம்பெனி ஆர்கனான் அவரோட பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தது 40,000 டாலர். இதைத்தான் கார்த்தி 'முறையாக'ங்கிறார். அந்த 20 நிமிஷத்துல ஒன்பதாவது கேள்விக்கு எத்தனை நிமிஷம் ஒதுக்கினாரு?

கார்த்தி:
எங்கே உட்கார்ந்து எழுதினார் என்பதற்கும் கேள்வி சரியா என்பதற்கும் சம்பந்தமே இல்லை. எழுதிய பிறகு ஆட்களிடம் கொடுத்து ரத்த அளவோடு ஒப்பிட்டாரா? ஒப்பிட்டார். குறைபாடு உள்ள 21 பேருக்குச் சிகிச்சை கொடுத்ததில் 18 பேருடைய பதில்கள் முன்னேறின. அதுவும் சரிபார்ப்பின் பகுதிதான்.

நர்ஸ் ஜெயந்தி:
ஊசி போட்டா தெம்பு வரும்னு சொல்லிட்டுப் போட்டா, தண்ணி ஊசிக்கும் பாதிப் பேர் தெம்பா இருக்குன்னுதான் சொல்லுவாங்க. வார்டுல தினமும் பார்க்குறேன். அந்த 21 பேருக்குப் பக்கத்துல போலி ஊசி போட்ட 21 பேரை வச்சுப் பார்த்தாங்களா? வயசானதால மட்டும் குறையுற டெஸ்டோஸ்டிரோனுக்கு இந்த மருந்துகளால பலன் நிரூபணமாகலைன்னு 2015ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவே எச்சரிச்சு, மருந்து லேபிளை மாத்தச் சொல்லுச்சு. வேற வேலையா வர்ற ஆண்களுக்கு இந்த மாதிரித் தாள்களைக் கொடுத்துக் குறைபாடு தேடாதீங்கன்னு 2010லயே எண்டோகிரைன் சொசைட்டிங்கிற ஹார்மோன் மருத்துவர்கள் சங்கத்தோட வழிகாட்டி சொல்லியிருக்கு. முகாமுங்கிறதே அதுதானே?

கார்த்தி:
'வேறு வேலையாக வருகிறவர்கள்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அறிகுறியோடு வருகிறவர்களைப் பற்றி அது பேசவில்லை.

மேலூர் மாணிக்கம்:
எங்க அண்ணன் எந்த அறிகுறியோடயும் போகலை. ரத்த அழுத்தம் பார்க்கப் போனார். மூணு 'ஆம்'ல தூக்கத்தை எடுத்துட்டா ரெண்டுதான். ரெண்டுக்கு ரத்தமே எடுத்திருக்க மாட்டாங்க. அதனாலதான் திரும்பத் திரும்பக் கேக்குறேன். ஒரே ஒரு கேள்வி ஒரு மனுஷனைப் பத்து நாள் கூனிக் குறுக வச்சிருக்கு. சாப்பிட்டதும் தூங்குறது நோயா? ஆமா, இல்லை, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க.

கார்த்தி:
தனிக் கேள்வியை வைத்து யாரும் நோய் என்று சொல்வதில்லை. இதை எத்தனை தடவை எழுதுவது? சரி, நான் ஒன்று கேட்கிறேன். உங்கள் அண்ணன் இரவில் எத்தனை மணிக்குச் சாப்பிடுவார், எத்தனை மணிக்குத் தூங்குவார்?

மேலூர் மாணிக்கம்:
எட்டரைக்குச் சாப்பிடுவார். ஒன்பதுக்கெல்லாம் தூங்கிடுவார். காலையில நாலரைக்கு மோட்டார் போடப் போகணும்ல. முப்பது வயசுலயும் அப்படித்தான்.

கார்த்தி:
அப்படியானால் 'இரவுச் சாப்பாடு' என்று சரியாக அச்சடித்திருந்தாலும் அவர் 'ஆம்' என்றுதான் எழுதியிருப்பார். இத்தனை பதிவுகளாக நீங்கள் குறைகூறிய கேள்விக்கு உங்கள் அண்ணன் சரியான பதிலைத்தான் கொடுத்திருக்கிறார்.

மேலூர் மாணிக்கம்:
அதையேதான் நானும் சொல்றேன்! சரியா அச்சடிச்சிருந்தாலும் மாட்டியிருப்பார். அப்ப தப்பு முகாமோட தமிழா, உங்க மார்லியோட கேள்வியா?

யாழ் குமரன்:
ரெண்டும்.

கார்த்தி:
உங்களிடம் கேட்கவில்லை, குமரன்.

நர்ஸ் ஜெயந்தி:
மாணிக்கம் அண்ணே, சர்க்கரை பார்த்தீங்களா இல்லையா?