வெள்ளக்கோடு, மழைக்கணக்கு, நில அதிர்வு: சேர்ந்து திரட்டிய தரவுகளுக்கு என்ன ஆயிற்று? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தண்ணீர்மலையான் (பினாங்கு)

2017 நவம்பர் 4 இரவு பினாங்கில் பெய்த மழையைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. தண்ணீர் வடிந்த பிறகு, சுவர்களில் படிந்த சேற்றுக்கோடு மறைவதற்குள் அளந்துவிட வேண்டும் என்று ஜெலுத்தோங் பக்கம் சில குழுக்கள் கிளம்பின. எங்கள் குழு அஞ்சடியிலிருந்து, அதாவது வீட்டு முன்னால் உள்ள கூரையிட்ட நடைபாதையிலிருந்து, அளந்தது. அளவுநாடா தெரியும்படி படம், தெரு, வீட்டின் எந்தப் பக்கச் சுவர், எல்லாம் குறித்தோம்.

ஒரு வீட்டில் பெரியவர் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். பாதிக் கோடு போய்விட்டது. "ஐயா, கொஞ்சம் நிறுத்துங்கள், இந்தக் கோடு எங்களுக்கு வேண்டும்" என்றேன். தூரிகையை வாளியில் போட்டார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, மறைந்த பாதியையும் அவரே இழுத்துக் காட்டினார். "இங்கேதான் நின்றது தம்பி. தையல் மெஷின் முழுவதும் உள்ளே போய்விட்டது."

பிறகு எல்லாக் குழுக்களின் குறிப்புகளையும் ஒருவர் ஒரே அட்டவணையாக்கினார். அதில் 'உயரம்' என்று ஒரு கட்டம் மட்டுமே இருந்தது. சிலர் சாலையிலிருந்து அளந்திருந்தார்கள், சிலர் கூடத்துத் தரையிலிருந்து. எதிலிருந்து என்ற குறிப்பே இல்லை. மலேசியத் தீபகற்பத்தில் நில உயரமெல்லாம் கிள்ளான் துறைமுகத்தில் 1984 முதல் 1993 வரை அளந்த சராசரிக் கடல்மட்டத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. எங்கள் எண்களை அதனோடு இணைக்க வழியில்லை என்று ஒரு பொறியாளர் மொத்த அட்டவணையையும் ஒதுக்கிவிட்டார். பெரியவர் கோயிலில் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்: "என் கோடு எந்த வரைபடத்தில் வந்தது?"

செந்தூல்காரன் (கோலாலம்பூர்)

படங்கள் இருக்கின்றன அல்லவா? நாடா தெரிகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் படத்திலிருந்து மறுபடி எழுதுங்கள். எங்களுக்கு அந்த வாய்ப்புக்கூட நூலிழையில்தான் மிஞ்சியது.

என் தாத்தா கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது எழுத்தர். ஆபீஸ் முன்னால் மழைமானி. காலை ஏழு மணிக்கு அளந்து புத்தகத்தில் எழுதுவார். தோட்டம் விற்கப்பட்டபோது அந்தப் புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். பழைய மழைக்கணக்குகளைக் கணினியில் ஏற்றும் தன்னார்வலர்களிடம் நம்பிக் கொடுத்தோம்.

ஏற்றிய கோப்பை அவர்கள் அனுப்பியதும் நேராக 1971 ஜனவரியைத் திறந்தேன். கோலாலம்பூரே மூழ்கிய மாதம். திரையில் அது தூறல் மாதமாகத் தெரிந்தது! தாத்தா எழுதியது அங்குலத்தில். அவர்கள் மில்லிமீட்டர் என்று தலைப்புப் போட்டுவிட்டார்கள். நான்கு அங்குலம் என்றால் 100 மில்லிமீட்டருக்கு மேல். அது வெறும் நான்காகக் கிடந்தது. புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அதே பக்கத்தின் ஓரத்தில் தாத்தாவின் கையெழுத்து: "ஆறு கரை புரண்டது. பால்வெட்டு இல்லை." ஓரக்குறிப்புக்கு அவர்களிடம் கட்டமே இல்லையாம், அதனால் ஏற்றவில்லையாம். அலகைத் திருத்திவிட்டார்கள். ஓரக்குறிப்பு இன்னும் வெளியேதான் நிற்கிறது. எனக்கு அதுதான் ஆறவில்லை.

பட்டர்வொர்த் அக்கா

செந்தூல் தம்பி, அலகோடு விஷயம் முடியவில்லை. காலை ஏழு மணிக்கு அளந்தது எந்த நாளின் மழை? நம் ஊரில் பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டுகிறது. ஐந்தாம் தேதி காலையில் அளந்தது நான்காம் தேதி பெய்த மழை. சில தோட்டங்களில் அளந்த தேதியில் எழுதினார்கள், சில தோட்டங்களில் முந்தைய தேதியில். தாத்தாவின் வழக்கம் எது என்று வீட்டில் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். என் அப்பாவிடம் கேட்க நினைத்திருந்த வாரத்தில் அவர் போய்விட்டார்.

இன்னொன்று. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதற்கு முந்தைய ஏழு மணி இன்றைய ஏழரை. நாள் கணக்குக்கு இது பெரிதில்லை. மணிக்கணக்கு மழைக்கும் கடல் ஏற்ற இறக்கத்துக்கும் பெரிது. செயற்கைக்கோள் மழைத்தரவோடு இன்றைய கணக்கை ஒப்பிடுபவர்களும் கவனியுங்கள்: அங்கே ஒரு நாள் என்பது உலகப் பொது நேரப்படி, அதாவது நமக்குக் காலை எட்டு முதல் மறுநாள் காலை எட்டு வரை. நள்ளிரவுக் கணக்கைவிடத் தோட்டக் கணக்குத்தான் அதற்கு நெருக்கம்.

2020இல் பிரிட்டனில் பழைய மழை ஏடுகளை 16,000 தன்னார்வலர்கள் இணையத்தில் ஏற்றினார்கள். அங்கே ஒரே எண்ணைப் பலர் தனித்தனியாகப் படித்து ஒப்பிட்டார்கள். நாமும் குறைந்தது இருவரையாவது வைக்க வேண்டும். மூல ஏட்டின் படத்தை அழிக்கவே கூடாது. திருத்தினால் யார், எப்போது, ஏன் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். ஓரக்குறிப்புக்கு ஒரு கட்டம் திறக்க ஒரு நிமிடம் ஆகுமா? யார் பயன்படுத்தலாம் என்ற உரிமக் குறிப்பையும் முதல் நாளே போட்டுவிடுங்கள். பிறகு ஆளைத் தேடிப் பிடிக்க முடியாது.

பத்துமலை அடிவாரம்

அக்கா சொன்ன உரிமம் தரவைத் திரட்டியவருடையது. வீட்டுக்காரரின் சம்மதம் எங்கே?

2021 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் வீடு வீடாகப் போனோம். ஓர் அம்மா தேநீர் கொடுத்தார், கூரைவரை ஏறிய கதையைச் சொன்னார், கோட்டையும் காட்டினார். நான் கைப்பேசியில் இடத்தைக் குறித்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். "வரைபடத்தில் போட்டால் இந்த வீட்டை யார் வாங்குவார்கள், ஐயா? மகளின் படிப்புக்கு இதைத்தான் நம்பியிருக்கிறேன்." அந்தப் பிடி இன்னும் கையில் இருக்கிறது. குறித்ததை அவர் கண்முன்னே அழித்தேன். திறந்த தரவு என்று முழங்குகிறவர்கள் அந்த வாசலில் நின்று பேசட்டும்.

பதினெட்டாம் மாடி (ஜார்ஜ் டவுன்)

2012 ஏப்ரல் 11, சுமத்ரா கடலில் 8.6 அளவு நில அதிர்வு. மாலை நான்கரை தாண்டி சாமி விளக்கு தானாக ஆடியது. எண்ணெய் சிந்தவில்லை, ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. படியிறங்கியதும் அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் 'உணர்ந்தீர்களா' படிவத்தை நிரப்பினேன். அவர்கள் வீட்டைக் காட்டுவதில்லை. பதில்களைக் கிலோமீட்டர் சதுரங்களாகச் சேர்த்துத்தான் வெளியிடுகிறார்கள். பத்துமலைக்காரர் இதையே செய்யலாமே?

தண்ணீர்மலையான் (பினாங்கு)

நில அதிர்வுக்குச் சரி. வெள்ளத்துக்குச் சரிவராது. எங்கள் தெருவில் ஒரு முனையில் முழங்கால் அளவு, மறுமுனையில் மார்பளவு. சதுரமாக்கினால் இரண்டும் பொய். துல்லியமான இடம் பூட்டிய கோப்பில் இருக்கட்டும், வடிகால் கட்டுபவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளட்டும், பொதுவில் தெருப்பெயர் மட்டும் போகட்டும். அதற்கும் அந்த அம்மா மறுத்தால் விட்டுவிடுவேன்.

செந்தூல்காரர் சொன்னபடி படங்களிலிருந்து மறுபடி எழுதத் தொடங்குகிறோம். 'எதிலிருந்து அளந்தது' என்பது முதல் கட்டம். ஜெலுத்தோங், சுங்கை பினாங்கு பக்கம் அந்த வாரம் எடுத்த படம் வைத்திருப்பவர்கள், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, நாடா இல்லாவிட்டாலும் கதவோ படியோ தெரிந்தால் போதும், தனிச்செய்தியில் அனுப்புங்கள்.