தூண்டில் ரீலைக் கழற்றிப் பட்ட பாடு: உங்கள் அனுபவம்?

கொள்ளிடக்கரையான்
போன மார்கழியில் நடந்தது. இன்னும் மனம் ஆறவில்லை. முதல் நாள் இரவு ரீலைத் துடைத்து, கைக்குக் கிடைத்த தேங்காய் எண்ணெயைத் தாராளமாக விட்டேன். விடியற்காலையில் அணைக்கரைக்குக் கீழே பனியில் நின்று, இரையாகக் கட்டிய ரப்பர் தவளையை வீசினால், கைப்பிடி சேற்றில் இறங்கிய வண்டிச் சக்கரம் போலத் திணறுகிறது. ஆகாயத்தாமரை ஓரமாக ஒரு விரால் தவளையின் பின்னாலேயே வந்தது. முதுகுகூடத் தெரிந்தது. தவளை அசையாமல் கிடக்கவே, திரும்பிப் போய்விட்டது. லைன், அதாவது தூண்டில் நரம்பு, சுற்றியிருக்கும் ஸ்பூலைக் கழற்றிப் பார்த்தேன். தண்டு முழுக்க வெள்ளையாக உறைந்த எண்ணெய்.

பழையாறு வாசி
உங்களுக்காவது விரால்தான் போனது. நான் கண்ட இடத்திலெல்லாம் கிரீஸ் அப்பினேன், கைப்பிடி பின்னால் சுற்றாமல் தடுக்கும் உருளை பேரிங்கையும் விடவில்லை. முகத்துவாரத்தில் கொடுவா அடித்தது. கோலைத் தூக்கினேன். கைப்பிடி பின்பக்கமாகச் சுழன்று விரல் கணுவில் மடார் மடார் என்று அடிக்கிறது! லைன் தளர்ந்த அந்த நொடியில் மீன் எழும்பித் தலையை உதறியது, அவ்வளவுதான். "தம்பி, ரீலா அது, ஆட்டுக்கல்லா?" என்றார் படகுக்காரர்.

வேதாரண்யம் பக்கம்
இருவரும் கோபிக்க வேண்டாம், தவறு உங்களுடையதுதான். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையத் தொடங்கும். மார்கழியைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த உருளை பேரிங்கும் தண்டைக் கவ்வித்தான் நிறுத்தும், கிரீஸ் வழுக்கினால் எதைக் கவ்வும்? என் கதை சின்னது: கழற்றும்போது சுருள்வில் ஒன்று பறந்துபோய், மூன்றாம் நாள் அம்மாவின் முறத்தில் உளுந்தோடு கிடைத்தது. அன்றிலிருந்து கழற்றிய வரிசையிலேயே பாகங்களை இட்லித் தட்டின் குழிகளில் வைக்கிறேன். பல்சக்கரத்துக்கு மட்டும் கிரீஸ். பேரிங்குக்குத் தையல் மெஷின் எண்ணெய், ஒரு சொட்டு. கடலிலிருந்து வந்தால், மீன் இழுக்கும்போது லைனை விட்டுக்கொடுக்கும் பிடியான டிராக்கை இறுக்கிவிட்டுக் கழுவுங்கள், இல்லையென்றால் வாஷர்களுக்குள் தண்ணீர் இறங்கும். குழாயைப் பீய்ச்சினால் உப்பு இன்னும் உள்ளேதான் போகும். காய்ந்தபின் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். எங்கள் ஊர் போல போர் தண்ணீரே கரிக்கும் இடமென்றால் குடிதண்ணீரில் கழுவுங்கள்.

கொள்ளிடக்கரையான்
நான் கேட்டது அனுபவம், ஐயா. எங்கள் வீட்டில் இட்லித் தட்டில் கை வைத்தால் எனக்குச் சோறு கிடையாது. அந்த விரால் ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது.