ஓடிக்கொண்டிருக்கும் ஆன்லைன் கேம்: அடுத்த சீசனுக்கு எதை எடுப்பது, எதைத் தள்ளிவைப்பது?

கூகைக்கூடு கேட்டது:

மொபைல் கேம், வெளியாகி இரண்டாவது வருடம் ஓடுகிறது. டீமில் 12 பேர், 8 வாரத்துக்கு ஒரு சீசன் (புது உள்ளடக்கத் தொகுப்பு). அடுத்து செய்ய மூன்று யோசனைகள் வந்திருக்கின்றன: கில்ட் (வீரர்கள் சேர்ந்து அமைக்கும் குழு) வசதி, கட்டண சீசன் பாஸ் (பணம் கட்டியவருக்கு அந்த சீசன் முழுக்கக் கூடுதல் பரிசுகள்), லாகின் சர்வரை முழுக்கத் திருப்பி எழுதுவது. தினமும் சுமார் 1,000 பேர் புதிதாக வருகிறார்கள். ரிட்டென்ஷன் (புதிதாக வந்தவர்களில் அத்தனை நாள் கழித்தும் விளையாட வருபவர்கள்) முதல் நாள் 40%, 7ஆம் நாள் 15%, 30ஆம் நாள் 5%. எதை வைத்து இந்த மூன்றையும் ஒப்பிடுவது? இன்னொரு தலைவலி, ஒவ்வொரு சீசனும் கடைசி வாரத்தில் இழுத்துப் பறித்துத்தான் வெளியாகிறது. திட்டத்தில் எங்கே ஓட்டை?

நடுநிசி_ஷிஃப்ட் பதில்:

முதலில் உங்களிடம் உண்மையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பாருங்கள். 12 பேர் × 8 வாரம் = 96 ஆள்-வாரம் (ஒருவர் ஒரு வாரம் செய்யும் வேலை ஓர் ஆள்-வாரம்). விடுப்புக்கு 10 போனால் 86. ஓடுகிற கேமில் திடீரென வரும் பக், சர்வர் பிரச்சினை, வாடிக்கையாளர் புகார் இவற்றுக்கு 20%, அதாவது 17. பழைய புரோகிராம் கோடைச் சீர்செய்ய 15%, அதாவது 13. மிஞ்சுவது 56தான். 96ஐ வைத்துத் திட்டம் போட்டால் கடைசி வாரம் நெரியத்தான் செய்யும். உங்கள் ஓட்டை அநேகமாக இங்கேதான்.

அடுத்து, ஒவ்வொரு யோசனைக்கும் இரண்டு விலை எழுதுங்கள்: கட்டி முடிக்க எத்தனை ஆள்-வாரம், வெளியான பிறகு சீசனுக்கு எத்தனை ஆள்-வாரம். பலரும் முதல் எண்ணோடு நிறுத்திவிடுகிறார்கள். ஓடும் சேவையில் கழுத்தை நெரிப்பது இரண்டாவது எண்.

சீசன் பாஸைக் கட்டுவது சுலபம். ஆனால் 8 வாரத்துக்கு ஒருமுறை புது ஸ்கின் (பாத்திரத்தின் தோற்றம்), புது பரிசு, புது சவால் கொடுத்தே ஆகவேண்டும். ஒரு சீசன் கொடுத்துவிட்டு நிறுத்தினால் பணம் கட்டியவர்கள் விடமாட்டார்கள். மாதத்துக்கு எத்தனை ஸ்கின் உங்கள் ஆர்ட்டிஸ்டுகளால் முடியும் என்பதுதான் அதன் எல்லை.

கில்டுக்கு வேறு வகைப் பராமரிப்பு. சாட் வந்தால் வசவு வரும், புகாரைப் பார்க்க ஆள் வேண்டும். தலைவர் விளையாட்டை விட்டுப் போனால் பொறுப்பு யாருக்குத் தானாக மாறும், எத்தனை நாள் கழித்து என்பதை முதல் நாளே எழுதிவைக்க வேண்டும். அதோடு, கில்ட் பயன்படுவது ஏற்கெனவே ஒரு மாதம் தங்கியவருக்கு. உங்களிடம் முதல் நாளிலேயே நூற்றுக்கு 60 பேர் போய்விடுகிறார்கள், 7ஆம் நாளுக்குள் 85. அந்தக் கசிவைக் கில்ட் தொடக்கூட முடியாது.

உங்கள் எண்களை வளைகோடாக வரைந்து கூட்டினால், புதிதாக வரும் ஒருவர் முதல் 30 நாளில் சராசரியாக 4.5 நாள் விளையாடுகிறார், வந்த நாளையும் சேர்த்து. தினம் 1,000 பேர் என்றால் அவர்களால் தினசரி 4,500 பேர். வளைகோடு முழுதும் பத்தில் ஒரு பங்கு உயர்ந்தால் (40% என்பது 44% ஆவதுபோல்) இன்னும் 350 பேர். ஒவ்வொரு யோசனையும் இந்த வளைகோட்டில் எந்த நாளை உயர்த்தும் என்று அதைக் கொண்டுவந்தவரே சொல்லட்டும். சொல்ல முடியாவிட்டால் அதை இப்போதைக்கு ஒதுக்கிவைக்கலாம்.

கடல்நாரை பதில்:

லாகின் சர்வர் பற்றி மட்டும். சீசன் திறக்கும் நிமிடத்தில்தான் விழுகிறது என்றால் முழுக்கத் திருப்பி எழுத வேண்டியதில்லை. வாசலில் காத்திருப்பு வரிசை ஒன்று போடுங்கள். இணைப்பு தோற்றால் ஆப் உடனே மறுபடி தட்டாமல் 1, 2, 4, 8 விநாடி என இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகட்டும். அந்த இடைவெளியில் கொஞ்சம் தற்செயல் வித்தியாசமும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லா போனும் ஒரே கணத்தில் திரும்பிவந்து எழுந்த சர்வரை மறுபடி சாய்க்கும்.

முழு மறுஎழுத்து என்பது இரண்டு டீமின் வேலை. ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற ஆன்லைன் கேமில் பழைய பதிப்புக்கு அப்டேட் கொடுத்துக்கொண்டே புதியதைக் கட்டினார்கள், 2012 நவம்பரில் பழைய சர்வர்களை மூடி 2013 ஆகஸ்டில் புதியதைத் திறந்தார்கள். அதற்கு பெரிய நிறுவனத்தின் பணமும் ஆளும் இருந்தது. 56 ஆள்-வாரத்தில் அது நடக்காது.

கூகைக்கூடு:

நன்றி, இரண்டு விலை எழுதும் யோசனை உடனே உதவும். சீசன் தேதிக்கு எப்படிப் பின்னோக்கித் திட்டமிடுவது? வெளியிட்ட பிறகு ஏதாவது தவறினால்?

பேட்ச்_செவ்வாய் பதில்:

திறக்கும் நாளிலிருந்து பின்னால் எண்ணுங்கள். 10 வாரம் முன்பு டிசைன் முடிவு. அதாவது முந்தைய சீசன் தொடங்கும் முன்பே. 4 வாரம் முன்பு எழுத்துகளை மொழிபெயர்ப்புக்கு அனுப்பிவிட வேண்டும், அதன்பின் ஒரு வரியும் மாறக்கூடாது. 2 வாரம் முன்பு புரோகிராம் கோடு உறையும், அதாவது புதிதாக எதுவும் சேராது, பக் திருத்தம் மட்டும். பில்ட் (வெளியிடத் தயாரான ஆப்) ஒரு வாரம் முன்பே ஸ்டோரில் ஏறிவிட வேண்டும், புது உள்ளடக்கம் ஃபீச்சர் ஃப்ளாக்குக்குப் (ஒரு வசதியைச் சர்வரிலிருந்தே போட்டு அணைக்கும் சுவிட்ச்) பின்னால் மறைந்திருக்கட்டும். திறப்பு என்பது சர்வரில் ஒரு சுவிட்சைப் போடுவது மட்டுமே. அணைக்கவும் அதே சுவிட்ச். அணைத்துப் பார்ப்பதையும் டெஸ்ட் பட்டியலில் சேருங்கள், பலர் போட்டுப் பார்ப்பதோடு விட்டுவிடுகிறார்கள்.

ஆப்பிளின் படிப்படி வெளியீடு 7 நாள் எடுக்கும்: 1, 2, 5, 10, 20, 50, 100 சதவீதம். கூகுள் பிளேயில் சதவீதத்தை நீங்களே வைக்கலாம். இரண்டிலும் நிறுத்தினாலும் ஏற்கெனவே வாங்கியவரின் போனில் பழைய பதிப்பு திரும்பாது. ஆகவே "இந்தப் பதிப்புக்குக் கீழே அனுமதி இல்லை" என்ற கட்டுப்பாடு சர்வரில் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை திறக்காதீர்கள். எல்லா நேரமும் யுடிசியில் (உலகப் பொது நேரம்) குறியுங்கள்.

பரிசு இரட்டிப்பாகப் போவதுதான் மிக மோசமான விபத்து. ஒவ்வொரு பரிசுக்கும் தனி எண் இருக்கட்டும், அதே எண் இரண்டாம் முறை வந்தால் சர்வர் ஒதுக்கட்டும். நாணயம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் காரணம், அளவு, முன்-பின் இருப்பு பதிவாக வேண்டும். இந்தப் பதிவு இருந்தால் தவறாக வந்ததை மட்டும் கழிக்கலாம். இல்லாவிட்டால் மொத்த டேட்டாபேஸையும் பின்னுக்குத் தள்ள வேண்டிவரும். அப்போது ஸ்டோரில் கட்டிய பணம் திரும்பாது, வாங்கிய பொருள் மட்டும் காணாமல் போகும்.

எண்சுவடி பதில்:

அளப்பதில் ஓர் எச்சரிக்கை. முதல் நாள் ரிட்டென்ஷன் 40%இல் 2 புள்ளி மாற்றத்தை நம்பிச் சொல்ல, ஏ/பி டெஸ்டில் (ஆட்களை இரண்டு பக்கமாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு மட்டும் மாற்றத்தைக் காட்டி ஒப்பிடுவது) பக்கத்துக்கு சுமார் 9,600 பேர் வேண்டும். உங்களுக்கு அது 20 நாள். 30ஆம் நாள் 5%இல் அரைப் புள்ளி மாற்றத்துக்கு பக்கத்துக்கு 30,000க்கு மேல்: ஆள் சேரவே இரண்டு மாதம், பிறகு இன்னும் 30 நாள். ஆக, சீசன் முடிவுக்குள் கில்டின் பலனை 30ஆம் நாள் எண்ணில் தேடாதீர்கள். முதல் நாள் அனுபவத்தை மாற்றுவதை மட்டும் அப்படிச் சோதிக்கலாம்.

ஈவென்ட் வார வருமானத்தை மட்டும் பார்த்து மகிழவும் வேண்டாம். அடுத்த இரண்டு வாரத்தையும் சேர்த்துக் கூட்டுங்கள். பல சமயம் அடுத்த வாரம் வரவேண்டிய பணம்தான் முன்கூட்டி வந்திருக்கும். 5% பேருக்கு எந்தப் புது ஈவென்ட்டும் காட்டாமல் ஒரு சீசன் முழுக்க ஒதுக்கிவைத்தால் இது தெளிவாகத் தெரியும். சீசன் மாறும்போது அந்த 5% ஆட்களை மாற்றிவிடுங்கள், ஒரே ஆட்களை வருடக்கணக்கில் பட்டினி போடக்கூடாது.