பழைய கார்: பிரேக் பெடல் ரொம்ப இறுகுது. பூஸ்டரா, மாஸ்டர் சிலிண்டரா?

கேள்வி:
பழைய பெட்ரோல் கார், கார்பரேட்டர் எஞ்சின். முன்னால டிஸ்க், பின்னால டிரம். கொஞ்ச நாளா பிரேக் பெடல் ரொம்பக் கெட்டியா இருக்கு, முழு பலத்தையும் போட்டு மிதிச்சாத்தான் வண்டி நிக்குது. மிதிக்கும்போது காலடியில ‘புஸ்’ஸுனு சத்தம், கூடவே ஐடிலிங் தடுமாறுது. பேட், ஷூ ரெண்டும் நல்லா இருக்கு. மாஸ்டர் சிலிண்டரை (பெடலை மிதிச்சா பிரேக் ஆயிலை வீலுக்குத் தள்ளுறது) மாத்தணும்கிறார் மெக்கானிக். மாத்தலாமா?

பதில் 1:
பிரேக் ஆயில் மாத்தி ஏர் எடுத்துப் பாருங்க. எனக்கு அதுலயே சரியாச்சு.

பதில் 2:
ஏர் புகுந்திருந்தா பெடல் தொளதொளன்னு உள்ளே போகும், இறுகாது. இறுகினா முதல்ல பார்க்க வேண்டியது வேக்கம்தான். எஞ்சின் உறிஞ்சுறதுல உண்டாகுற அந்த வேக்கத்தை வெச்சுத்தான் பூஸ்டர் நம்ம மிதிக்கு பலம் சேர்க்குது.

எஞ்சினை அணைச்சுட்டு, பெடல் கெட்டியாகுற வரைக்கும் நாலஞ்சு தடவை மிதிங்க. காலை எடுக்காம அப்படியே ஸ்டார்ட் பண்ணுங்க. பூஸ்டர் வேலை செஞ்சா பெடல் தானா கொஞ்சம் கீழே இறங்கும். இறங்கலைன்னா உடனே பூஸ்டரைக் கழட்டிடாதீங்க. எஞ்சின் காத்து இழுக்குற மேனிஃபோல்டுலேர்ந்து பூஸ்டருக்கு வர்ற ஹோஸ் வெடிச்சிருக்கலாம், உள்பக்கம் ஊறி அடைச்சிருக்கலாம். காத்தை ஒரு பக்கம் மட்டும் விடுற ஒன்வே வால்வைக் கழட்டி, எஞ்சின் பக்கத்து முனையில டியூப் மாட்டி ஊதுங்க. காத்து போகக் கூடாது. உறிஞ்சினா வரணும். (டீசல் வண்டின்னா வேக்கம் பம்பையும் பார்க்கணும், உங்களுக்கு அது இல்லை.)

கேட்டவர்:
பெடல் இறங்கவே இல்லை. வால்வு சரியா இருக்கு, ஹோஸ் புதுசு.

பதில் 2:
ஐடிலிங்ல விட்டுட்டு ஒருத்தரைப் பெடலை மிதிச்சுப் பிடிக்கச் சொல்லுங்க. தடுமாறும்போது பூஸ்டருக்குப் போற ஹோஸை இடுக்கியால நசுக்குங்க, துணி சுத்திக்கிட்டு. ஓட்டம் சீரானா லீக் பூஸ்டருக்குள்ளதான்.

கேட்டவர்:
நசுக்கின உடனே சீராயிடுச்சு!

பதில் 2:
அப்போ பூஸ்டருக்குள்ள இருக்கிற ரப்பர் டயாபிரம் கிழிஞ்சிருக்கு. ஆனா ஏன் கிழிஞ்சதுன்னு பார்க்காம புதுசு போடாதீங்க. பிரேக் ஆயில் குறையுதா?

கேட்டவர்:
குறையுது, அப்பப்போ ஊத்துறேன். நாலு வீல்லயும் கசிவு இல்லை, தரையிலயும் சொட்டு இல்லை.

பதில் 3:
வெளியே தெரியலைன்னா உள்ளே போகுது. மாஸ்டர் சிலிண்டரோட பின்பக்க சீல் போனா ஆயில் நேரா பூஸ்டருக்குள்ள இறங்கும். பூஸ்டர்ல பிடிச்சிருக்கிற நட்டுகளைக் கழட்டி, பைப்பைத் தொடாம, வளைக்காம சிலிண்டரைக் கொஞ்சம் முன்னால இழுத்துப் பாருங்க. ஈரம் இருந்தா முடிவு தெரிஞ்சாச்சு.

கேட்டவர்:
நல்லாவே ஈரம். அப்போ மெக்கானிக் சொன்னது சரிதானா?

பதில் 2:
பாதி சரி. மாஸ்டர் சிலிண்டரை மட்டும் மாத்தினா கிழிஞ்ச டயாபிரம் அப்படியே இருக்கும், பெடல் இறுகிக்கிட்டேதான் இருக்கும். பூஸ்டரை மட்டும் மாத்தினா கசியுற ஆயில் புதுசையும் கெடுக்கும். ரெண்டையும் சேர்த்து மாத்துங்க, அதுவரைக்கும் வண்டியை எடுக்காதீங்க.

மாட்டும்போது பூஸ்டர் புஷ்ராடோட (மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளுற கம்பி) நீளத்தை அளக்காம விடாதீங்க. நிறையப் பேர் கோட்டை விடுறது இங்கேதான். நீளம் கூடினா பிரேக் முழுசா விடாது, ஓட ஓட வீல் சூடேறும். குறைஞ்சா பெடல்ல வெறும் ஆட்டம் அதிகமாகும். சிலிண்டரை வண்டியில ஏத்துறதுக்கு முன்னாடியே வைஸ்ல வெச்சு ஏர் எடுத்துடுங்க. பிரேக் ஆயில் டப்பா மூடியில டாட் 3, டாட் 4னு என்ன வகை போட்டிருக்கோ அதையே ஊத்துங்க. சிலிக்கான் வகை டாட் 5 இதோட கலக்கக் கூடாது. பெயிண்ட்ல சிந்தினா உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க.

கேட்டவர்:
இன்னொண்ணு. சைலன்சர்ல வெள்ளைப் புகை வருது. ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் ஹெட்டுக்கு அடியில தண்ணி உள்ளே கசியாம அடைக்கிற தகடு) போயிருக்கும்னு ஒருத்தர் சொல்றார்.

பதில் 3:
பூஸ்டர்ல தேங்கின ஆயிலை எஞ்சின் உறிஞ்சினாலும் அந்தப் புகை வரும். ரேடியேட்டர்ல தண்ணி குறையுதான்னு பாருங்க. குறையலைன்னா பிரேக் வேலை முடிச்சு, ஹோஸைத் துடைச்சு மாட்டின பிறகு ஹெட்டைப் பத்தி யோசிக்கலாம்.