ஊரடங்கு நாட்களின் சோறும் பாட்டும் வரலாற்றில் சேருமா?

கொள்ளிடத்தான் எழுதியது:

2020 ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கின்போது நம் வீடுகளில் என்ன சமைத்தோம், எந்தப் பாட்டைக் கேட்டோம், எந்தச் செய்திக்காகக் காத்திருந்தோம் என்பவற்றை நினைவில் இருக்கும்போதே எழுதித் தொகுத்து வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. 1918 இல் பம்பாய்த் துறைமுகத்தின் வழியாக வந்த இன்ஃபுளுவென்சா காய்ச்சல் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. 1911 க்கும் 1921 க்கும் இடைப்பட்ட பத்தாண்டில் நாட்டின் மக்கள்தொகையே குறைந்தது. அந்த 1918 செப்டம்பரில் தானிய விலை ஏறிச் சென்னையில் கடைகள் சூறையாடப்பட்டன. இவையெல்லாம் அரசுக் கோப்புகளின் வழியாக நமக்குத் தெரிகின்றன. ஆனால் வீட்டில் எல்லோரும் காய்ச்சலில் படுத்திருந்தபோது யார் கஞ்சி காய்ச்சினார்கள், அரிசி இல்லாத நாளில் எதைக் கொண்டு ஒப்பேற்றினார்கள், இழவு வீட்டில் ஒப்பாரி பாட ஆள் வந்ததா என்பதை என் குடும்பத்தில் ஒருவரும் எழுதி வைக்கவில்லை. வாய்மொழியாகக்கூட அது என் தலைமுறைக்கு வந்து சேரவில்லை.

என் பங்குக்கு ஒன்றைப் பதிகிறேன். 2020 மே மாதம் கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்கு மாற்றப்பட்டபோது, எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த தள்ளுவண்டிக்காரர் வருவதை நிறுத்திவிட்டார். என் தாயார் சுண்டைக்காய் வற்றலையும் மணத்தக்காளி வற்றலையும் எடுத்தார். பக்கத்து வீட்டு முருங்கையிலிருந்து கீரை வந்தது. சந்தை மூடப்பட்டதை நாளிதழ் எழுதியது. அந்த முடிவு ஒரு சமையற்கட்டுக்குள் எப்படி வந்து சேர்ந்தது என்பதை நாம்தான் எழுத வேண்டும்.

திண்ணை மாணிக்கம் எழுதியது:

நண்பர் கொள்ளிடத்தான் அவர்களின் நோக்கத்தை மதிக்கிறேன். ஆனால் இந்தத் தொகுப்பு உண்மைக்கு மாறான ஒரு படத்தையே தரும் என்று அஞ்சுகிறேன். அந்த நாட்களில் புதிய பதார்த்தங்களைச் செய்து பார்த்தவர்களும், பழைய பாடல்களைத் தேடிக் கேட்டவர்களும், மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்ற உறுதியோடு இருந்தவர்கள். இப்படிப்பட்ட தொகுப்புக்கு எழுத முன்வருபவர்களும் பெரும்பாலும் அவர்களாகவே இருப்பார்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து இதைப் படிப்பவர், தமிழ்நாடு முழுவதும், அப்போது இணையத்தில் பரவிய டால்கோனா காப்பியைக் குடித்துக்கொண்டு ராமாயணத் தொடரின் மறுஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று நினைத்துவிடுவார்.

மார்ச் 24 ஆம் நாள் இரவு எட்டு மணிக்கு அறிவித்து, நள்ளிரவில் நாட்டையே மூடினார்கள். இடையில் இருந்தது நான்கு மணி நேரம். அதன் விளைவாக நெடுஞ்சாலைகளில் நடந்த தொழிலாளர்களின் உணவைப் பற்றி நமக்கு எது சொல்கிறது? செய்திதான் சொல்கிறது. மே 8 ஆம் நாள் விடியற்காலையில், ஜால்னாவிலிருந்து சொந்த ஊருக்குப் புறப்பட்டு, களைப்பால் தண்டவாளத்திலேயே உறங்கிவிட்ட 16 தொழிலாளர்கள் அவுரங்காபாத் அருகே சரக்கு ரயிலில் அடிபட்டு இறந்தார்கள். தண்டவாளத்தில் சிதறிக் கிடந்த ரொட்டிகளின் படம் எல்லா நாளிதழ்களிலும் வந்தது. ஊரடங்குக் கால உணவைப் பற்றி ஒரே ஒரு ஆவணத்தை வைக்கச் சொன்னால் நான் அந்தப் படத்தையே வைப்பேன். அதை எடுத்தவர் ஒரு செய்தியாளர். வீட்டில் உட்கார்ந்து நினைவுக் குறிப்பு எழுதியவர் அல்லர்.

மல்லாரி எழுதியது:

இருவரும் பாட்டை, கேட்பவரின் பக்கத்திலிருந்தே பார்க்கிறீர்கள். நான் நாகசுரக் குடும்பத்தில் பிறந்தவள். பங்குனி உத்திரம் தொடங்கி வைகாசி முடியக் கோயில் திருவிழாக்களும் முகூர்த்தங்களும் சேர்ந்து வருவதால், ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதியை நாங்கள் அந்த மாதங்களில்தான் பார்ப்போம். ஊரடங்கு தொடங்கியது பங்குனியில். அந்த ஆண்டு மதுரை மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாமல் நடந்து இணையத்தில் ஒளிபரப்பானது. அழகர் வைகையில் இறங்கவில்லை. எங்கள் பக்கத்துச் சிறிய கோயில்களில் கொடியேற்றமே நடைபெறவில்லை. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐம்பது பேருடன் நடந்த திருமணங்களில், மேளம் வாசிக்கும் நால்வரையும் அந்தக் கணக்கிலிருந்து முதலில் கழித்தார்கள்.

ஏப்ரலில் குடும்ப அட்டைக்கு ஆயிரம் ரூபாயும், அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் கிடைத்தன. அந்த அரிசியில்தான் நாங்கள் உண்டோம் என்பதை நன்றியோடு சொல்கிறேன். என் சித்தப்பா வாத்தியத்தை உறையிலிருந்து எடுத்து, வாய்வைத்து ஊதும் சீவாளியை நனைத்து வைத்துக்கொள்வார், ஆனால் வாசிக்கமாட்டார். சுற்றிலும் நோயும் சாவுமாக இருக்கும்போது மங்கல வாத்தியம் ஒலித்தால் தெருவில் தவறாக நினைப்பார்கள் என்பார். டிசம்பரில் மியூசிக் அகாதமி உள்ளிட்ட சபைகள் கச்சேரிகளை இணையத்தில் நடத்தின. பல வித்வான்களுக்கு அது கை கொடுத்தது. எங்கள் பக்கத்தில், கரகத்துக்கு வாசிப்பவருக்கும் சாமி புறப்பாட்டுக்கு வாசிப்பவருக்கும் அப்படி ஒரு மேடை அமையவில்லை. மாணிக்கம் ஐயா, இது எந்த நாளிதழில் எத்தனை வரி வந்தது? நான் பார்த்தவரையில், கலைஞர்களுக்கு உதவித்தொகை அறிவிக்கப்பட்ட நாளில் ஒரு சிறு பத்தி வந்தது.

திண்ணை மாணிக்கம் எழுதியது:

அம்மா, நீங்கள் எழுதியது என் மனத்தைத் தைத்தது. ஆயினும் இது உங்களைப் போன்றவர்கள் தாமாக முன்வந்து எழுதினால் மட்டுமே கிடைக்கும் சான்று. எழுதாத குடும்பங்களே மிகுதி. நினைவுக்கு இன்னொரு குறையும் உண்டு: அது நாளாக நாளாகத் தன்னை அழகுபடுத்திக்கொள்ளும். இப்போதே பலர் அந்த மாதங்களை, சாலையில் இரைச்சல் இல்லாத, குடும்பம் ஒன்றாக உண்ட காலம் என்று ஏக்கத்தோடு பேசுகிறார்கள். நாள்தோறும் மாலையில் சுகாதாரத் துறை வெளியிட்ட அறிக்கைக்கு அப்படி ஏங்கத் தெரியாது. சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்தை மீறிக் கடையைத் திறந்து வைத்ததாகச் சொல்லிப் பிடித்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் காவலில் இறந்த செய்தியை எந்தச் சமையற்கட்டு நினைவும் மங்கச் செய்துவிடக் கூடாது.

கொள்ளிடத்தான் எழுதியது:

அந்த மாலை அறிக்கையையே எடுத்துக்கொள்வோம். நாள்தோறும் அதற்காகக் காத்திருந்தவர்களில் நானும் ஒருவன். 2020 ஜூலை 22 அன்று, சென்னையில் அதுவரை கணக்கில் வராத 444 இறப்புகள் ஒரே நாளில் சேர்க்கப்பட்டன. மறுஆய்வு செய்து சேர்த்த அரசின் செயல் சரியானது. ஆனால் அந்த 444 வீடுகளுக்கும் அதற்கு முன்பே தெரிந்திருந்த ஒன்று, அறிக்கைக்கு மட்டும் தெரியாமல் இருந்தது. எண்ணும் பிழைபடும், நினைவும் பிழைபடும். ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்கவே இரண்டும் வேண்டும் என்கிறேன்.

1876-78 இல் வந்த தாது வருடப் பஞ்சத்தைப் பாருங்கள். 1877 இல் நிவாரணப் பணியாளருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று, பிரிட்டிஷ் இந்திய அரசு அனுப்பிய பஞ்ச அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தது ஆவணங்களில் உள்ளது. சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதும் ஆவணங்களில் உள்ளது. ஆனால் பஞ்சம் ஊருக்குள் நுழைந்தபோது மக்கள் பட்ட பாட்டை, அவர்களுடைய மொழியிலேயே நமக்குச் சொல்பவை அக்காலத்துப் பஞ்சக் கும்மிகளும் சிந்துகளும்தாம். அவற்றை இயற்றியவர்கள் நீங்கள் சொல்வதைப் போலச் செய்திக்கு எதிராக நிற்கவில்லை. செய்தி போகாத இடத்துக்குப் போனார்கள்.

பாட்டு கேட்டதை வசதியின் அடையாளம் என்று ஒதுக்குவதையும் என்னால் ஏற்க முடியவில்லை. 2020 ஆகஸ்டு 20 அன்று மாலை ஆறு மணிக்கு, மருத்துவமனையில் இருந்த எஸ். பி. பாலசுப்பிரமணியத்துக்காக அவருடைய பாடல்களை ஒலிக்கவிட்டுக் கூட்டாகப் பிரார்த்தனை செய்தோம். எங்கள் தெருவில் கைப்பேசி வைத்திருந்த பழ வியாபாரியும் அதைச் செய்தார். செப்டம்பர் 25 அன்று பாலசுப்பிரமணியம் மறைந்தபோது, தங்கள் உறவினரின் இறுதிச் சடங்குக்குப் போக முடியாதவர்களும் எங்கள் தெருவில் அவருக்காக வாய்விட்டு அழுதார்கள்.

மல்லாரி எழுதியது:

அப்படியானால் தொகுப்பின் முதல் கேள்வியாக, என்ன சமைத்தீர்கள் என்பதை வைக்காதீர்கள். ஏப்ரல் மாதம் உங்கள் வீட்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அதற்கு விடை எழுதிய பிறகு ஒருவர் எந்தக் குழம்பைப் பற்றி எழுதினாலும், படிப்பவருக்கு அவர் எங்கே நின்று பேசுகிறார் என்பது புரியும்.

திண்ணை மாணிக்கம் எழுதியது:

இந்த நிபந்தனை இருந்தால் என் எதிர்ப்பின் பாதி குறைகிறது. மறுபாதி அப்படியே நிற்கிறது: எழுத்துப் பழக்கம் இல்லாதவர்களிடம் யார் போய்க் கேட்பது? அவர்கள் நம்மிடம் வருவார்கள் என்று காத்திருந்தால், நான் முதலில் சொன்ன தொகுப்புதான் உருவாகும்.

மல்லாரி எழுதியது:

என் ஊரில் நான் கேட்கிறேன், ஐயா. தவில்காரர்கள் வீடுகளில் தொடங்கி, முகூர்த்தங்களுக்குச் சமைக்கப் போகும் குழுவினரையும் பார்க்கிறேன். ஊருக்கெல்லாம் பந்தியில் பரிமாறியவர்கள் அந்த ஆண்டு என்ன உண்டார்கள் என்று இதுவரை அவர்களை ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பதிந்து அனுப்புகிறேன். எழுத்தில் வடிக்கும் வேலையை நீங்கள் இருவரும் பகிர்ந்துகொள்ளுங்கள். அவர்கள் சொன்ன சொல்லை மட்டும் மாற்றாதீர்கள்.