வளையத்தைக் கழற்றியதும் பூத்தையல் துணி சுருங்குவது ஏன்?

கேள்வி: கொடியிலை

வணக்கம். தலையணை உறைக்காக, மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியில் கொடியும் இலையும் பூக்களுமாக ஒரு கைப் பூத்தையல் வேலையை முடித்திருக்கிறேன். தண்டுகளுக்குக் காம்புத் தையலும், இலைகளையும் இதழ்களையும் நிரப்புவதற்குச் சாட்டின் தையலும் போட்டேன். ஆறு இழை கொண்ட பருத்தி எம்பிராய்டரி நூலிலிருந்து மூன்று இழைகளைப் பிரித்து எடுத்துக்கொண்டேன். துணியை இழுத்துப் பிடிக்க மாட்டும் இரட்டை வளையத்தில் இருந்தவரை தட்டையாகவே தெரிந்த துணி, கழற்றியதும் ஒவ்வோர் இலையைச் சுற்றியும் சிறு மடிப்புகளாக எழும்பியது. சில பூக்களுக்கு இடையிலும் துணி கூடி நிற்கிறது. லேசாக இஸ்திரி போட்டுப் பார்த்தேன், சற்று அடங்கி மறுபடியும் எழும்புகிறது. தண்ணீரில் அழியும் நீலப் பேனாவால் வரைந்த கோடுகள் இன்னும் இருப்பதால் துணியை நனைக்கவில்லை. கோளாறு வளையத்திலா, கையின் இழுப்பிலா, துணியிலா என்று எப்படிக் கண்டறிவது? பிரிக்காமல் சரிசெய்ய வழி உண்டா?

மறுமொழி: பாவும் ஊடையும்

மடிப்பு எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்று பார்த்தாலே காரணம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். தண்டின் நெடுக மடிப்பு ஓடினால் காம்புத் தையலை இறுக்கி இழுத்திருக்கிறீர்கள் என்று பொருள். இரண்டு பூக்களுக்கு நடுவே, தையலே இல்லாத இடத்தில் துணி கூடினால், ஒரு பூவை முடித்த நூலை வெட்டாமல் பின்புறமாகவே அடுத்த பூவுக்குக் கொண்டுபோயிருப்பீர்கள். துணியைத் திருப்பினால் அந்த நூல் கம்பிபோல விறைத்து நிற்பதைக் காணலாம்.

இலைகளைச் சுற்றிய மடிப்புக்குக் காரணம் சாட்டின் தையலின் அமைப்பிலேயே இருக்கிறது. இலையின் ஒரு கரையில் மேலே வரும் ஊசி எதிர்க்கரையில் இறங்கி, துணிக்கு அடியிலேயே முதல் கரைக்குத் திரும்பி எழுவதுதான் வழக்கமான முறை. இதனால் முன்புறம் எவ்வளவு நூல் கிடக்கிறதோ ஏறத்தாழ அவ்வளவு நூல் பின்புறமும் கிடந்து, இரண்டும் சேர்ந்து கரைகளை உள்நோக்கி இழுக்கின்றன. மெல்லிய துணி அந்த இழுப்பைத் தாங்காது. இதற்கு மாறாக, ஊசி இறங்கிய கரையிலேயே, ஓர் இழை தள்ளி மேலே எழுந்து எதிர்ப்பக்கம் செல்லலாம். அப்போது பின்புறம் கரையோரத்தில் சிறு புள்ளிகள் மட்டுமே விழும், நூலும் மிச்சமாகும், இழுப்பும் வெகுவாகக் குறையும். இலை சற்றுக் குறைவாகவே புடைத்திருக்கும் என்பது உண்மைதான், ஆனால் மெல்லிய துணிக்கு அதுவே பொருத்தம் என்பது என் கருத்து. நிரப்புவதற்கு முன்பே இலையின் கரையில் பிளவுத் தையலால் (முந்தைய தையலின் நூலைப் பிளந்துகொண்டு ஊசி செல்லும் தையல்) ஒரு வரி போட்டுக்கொண்டால் விளிம்பு உறுதிப்படும். அகலம் 1 செ.மீ.க்கு மேல் போகும் இதழ்களில் சாட்டின் தையலை விட்டுவிட்டு, நெட்டையும் குட்டையுமாக மாற்றிப் போடும் தையலுக்குப் போய்விடுங்கள். நீண்ட நூல்கள் தொங்குவதையும் எதிலாவது மாட்டிக்கொள்வதையும் அது தவிர்க்கும்.

அடுத்த வேலைக்கு, வளையத்தின் உள்வட்டத்தில் பருத்தி நாடாவைச் சுற்றிக்கொண்டு, துணியைத் தட்டினால் பறைபோல ஒலிக்கும் அளவுக்கு இறுக்குங்கள். இழுத்து இறுக்கும்போது பாவின் (நெடுக்கு நூல்) திசையிலும் ஊடையின் (குறுக்கு நூல்) திசையிலும் மட்டுமே இழுக்க வேண்டும். மூலைவாட்டில் இழுத்தால் நெசவு கோணிக்கொள்ளும்.

மறுமொழி: மெல்லிழை

மேலே சொன்னவற்றில் இறுக்கத்தைப் பற்றிய பகுதியோடு மட்டும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. தளர்ந்த துணியில் தைத்தால் சுருக்கம் விழும் என்பது எவ்வளவு உண்மையோ, அளவுக்கு மீறி இழுத்துக் கட்டிய துணியும் சுருங்கும் என்பது அவ்வளவு உண்மை. நீட்டப்பட்ட நிலையில் தைத்த துணி, வளையத்தை விட்டு வந்ததும் தன் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். தையல் அதற்கு இடம் கொடாது. பனியன் போன்ற பின்னல் துணிகளில் இது இன்னும் கடுமையாக இருக்கும். நெசவுத் துணியில் பாவும் ஊடையும் நேர்கோடாகத் தெரியும் அளவோடு நிறுத்திக்கொண்டு, வேலை நடக்கும்போது துணி தளரத் தளர அவ்வப்போது சரிசெய்வதே போதுமானது.

இன்னொன்று அவசரமானது. நீலப் பேனாவின் கோடுகள் இருக்கும்போது தயவுசெய்து மேற்கொண்டு இஸ்திரி போடாதீர்கள்; அந்த மை சூடுபட்டால் துணியிலேயே நிலைத்துவிடக்கூடும். ஏற்கெனவே சூடுபட்ட இடங்களில் முழுவதும் போகும் என்று உறுதி கூற இயலாது, ஆனாலும் சோப்புச் சேர்க்காமல் குளிர்ந்த தண்ணீரில் நன்றாக ஊறவைத்து அலசிப் பாருங்கள். அதற்கு முன், அடர்சிவப்பு போன்ற நூல்கள் சாயம் விடுமா என்று ஈரமான வெள்ளைத் துணியால் ஒற்றிச் சோதித்துக்கொள்வது நல்லது.

அலசிய பின் பிழியாமல், ஒரு துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்துவிட்டு, மென்மையான பலகையில் பாவும் ஊடையும் நேராக வருமாறு விரித்து, துருப்பிடிக்காத குண்டூசிகளால் நான்கு பக்கமும் குத்தி, அப்படியே உலரவிடுங்கள். கோடுகள் முழுவதும் மறைந்த பிறகே, தடித்த துண்டின் மீது பூவேலையைக் குப்புறப் போட்டுப் பின்புறமாக இஸ்திரி போட வேண்டும். சிறு மடிப்புகள் இதிலேயே அடங்கிவிடும்.

கொடியிலை

இருவருக்கும் நன்றி. துணியைத் திருப்பிப் பார்த்தேன். சொன்னதுபோலவே பூவுக்குப் பூ நூல் பாய்ந்து விறைத்து நிற்கிறது. அந்த நூல்களை வெட்டினால் தையல் அவிழ்ந்துவிடுமோ என்று தயங்குகிறேன். வெட்டுவதானால் அலசுவதற்கு முன்பா, பின்பா?

மறுமொழி: பாவும் ஊடையும்

அலசுவதற்கு முன்பே வெட்டுங்கள். துணி விடுதலையாகி இருந்தால்தான் விரித்து உலர்த்துவது பலன் தரும். சரியாக நடுவில் வெட்டி, இரு முனைகளையும் அந்தந்தப் பூவின் பின்புறத் தையல்களுக்கு அடியில் நுழைத்து, திரும்பவும் ஒருமுறை எதிர்த்திசையில் நுழைத்துவிட்டால் அவிழாது. முடிச்சுப் போட வேண்டாம், இஸ்திரி போடும்போது அது முன்புறம் புடைத்துத் தெரியும். முனை மிகக் குட்டையாக இருந்து, ஊசியில் கோத்து நுழைக்க முடியாதபோது, நூல் கோக்காத ஊசியை முதலில் பின்புறத் தையல்களுக்கு அடியில் செலுத்தி, அதன் காது நூல்முனையின் அருகில் நிற்கும்போது நூலைக் கோத்து, பிறகு ஊசியை இழுத்துவிடுங்கள். இனி 2 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் நூலைப் பாய்ச்சாமல் முடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். வெள்ளைத் துணியில் அடர்நிற நூல் பாய்ந்தால், சுருக்கம் விழாவிட்டாலும் அதன் நிழல் முன்புறம் தெரியும்.