பச்சை விளக்கு எரிந்தும் நிரம்பாத பற்றரி: வீட்டில் செய்த மின் சறுக்குப்பலகை அனுபவங்கள்

கல்லடியிலிருந்து

மின் சறுக்குப்பலகையைத் தாமே செய்தவர்கள் மோட்டரையும் வேகத்தையும் பற்றி நிறையவே பகிர்ந்திருக்கிறார்கள். பற்றரியைச் சார்ஜ் செய்கையில் நேர்ந்தவற்றை எழுதியவர்கள் குறைவு என்பதால், எனக்கு நேர்ந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என்னுடைய பற்றரி, பழைய மடிக்கணினிகளிலிருந்து கழற்றிய 18650 வகை இலித்தியம் அயன் கலங்கள் 40 கொண்டு கட்டியது. நான்கு நான்காகச் சமாந்தரமாக இணைத்த பத்துத் தொகுதிகள் தொடராக இணைந்திருக்கின்றன. ஒரு கலம் 4.2 வோல்ற்றில் நிரம்புகிறது. ஆகவே முழுப் பற்றரியும் நிரம்பும் அளவு 42 வோல்ற். 2 அம்பியர் சார்ஜரில் வெறுமையிலிருந்து நிரம்ப ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் எடுக்கும்; செலவாகும் மின்சாரமோ அரை அலகுக்கும் குறைவு.

கடந்த மாரியில் மழை பிடித்ததும் பலகையை நன்றாக நிரப்பி, விறாந்தை மூலையில் சாய்த்து வைத்துவிட்டேன். அதுவே முதற் பிழை. இவ்வகைக் கலங்களை நீண்ட நாள் வைப்பதானால் பாதியளவில், அதாவது கலமொன்றுக்கு 3.7 அல்லது 3.8 வோல்ற்றில் வைக்க வேண்டும். நிரம்பிய நிலையில் கிடந்தால் அவை விரைவாக முதுமையடையும். தை மாத முடிவில் சார்ஜரைச் செருகியபோது அரை மணித்தியாலத்துக்குள் பச்சை விளக்கு எரிந்தது. நிரப்பி வைத்த பற்றரிதானே என்று அதில் எனக்கு ஐயம் எழவில்லை. மல்டிமீற்றரை வைத்துப் பார்த்தேன், சரியாக 42.0 காட்டியது.

அன்று ஆரையம்பதி வரை போய்த் திரும்புகையில், நாவற்குடாவை நெருங்கும்போது பலகை எந்த முன்னறிவிப்பும் இன்றி நின்றுவிட்டது. வழக்கமாகப் பதினெட்டுக் கிலோமீற்றர் ஓடும் பலகை அது. வீட்டுக்குக் கொண்டுவந்து மீண்டும் நிரப்பினேன். மீண்டும் பச்சை, மீண்டும் 42.0. இம்முறை மூடியைக் கழற்றி, பி.எம்.எஸ் எனப்படும் காவல் சுற்றுக்குச் செல்லும் மெல்லிய வயர்களில் பத்துத் தொகுதிகளையும் தனித்தனியே அளந்தேன். ஒன்பது தொகுதிகள் 4.24 வோல்ற்றில் நின்றன. ஏழாவது தொகுதி மட்டும் 3.84 இல் கிடந்தது. கூட்டிப் பாருங்கள்: மொத்தம் 42.0 தான்.

இந்தக் கணக்கு என்னை உண்மையாகவே அச்சப்படுத்தியது. சார்ஜர் அறிவது கூட்டுத்தொகையை மட்டுமே. ஒரு தொகுதி பின்தங்கினால், அதன் குறையை ஈடுசெய்ய மற்ற ஒன்பதும் அளவுக்கு மேல் நிரப்பப்படுகின்றன; வெளியில் நிற்கும் நமக்கோ எல்லாம் ஒழுங்காக முடிந்ததாகவே தெரிகிறது. ஓடும்போது ஏழாவது தொகுதி முதலில் வெறுமையாகி, பி.எம்.எஸ் முழுப் பற்றரியையும் துண்டித்துவிடுகிறது. என்னுடைய பி.எம்.எஸ் ஒரு தொகுதி 4.25 ஐத் தாண்டினால்தான் சார்ஜை நிறுத்தும் என்பதால், 4.24 இல் அது பேசாதிருந்தது.

ஏழாவது தொகுதியின் நான்கு கலங்களையும் பிரித்து, தனித்தனியே 4.1 வோல்ற்றுக்கு நிரப்பி, இரண்டு கிழமை தொடாமல் வைத்தேன். மூன்று அப்படியே நின்றன, ஒன்று 3.7 க்கு இறங்கியிருந்தது. தன்னுள்ளேயே கசிந்துகொண்டிருந்த அந்த ஒரு கலம், சமாந்தரமாக இணைந்த மற்ற மூன்றையும் தன்னோடு சேர்த்து இறக்கியிருக்கிறது. மடிக்கணினிக் கலங்களைப் பயன்படுத்துவோர் கட்டுவதற்கு முன்பே இந்த இரண்டு கிழமைச் சோதனையைச் செய்துவிடுங்கள். நான் கொள்ளளவை மட்டும் பார்த்துக் கட்டினேன், அது போதாது.

இன்னொன்று வெப்பம். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் மட்டக்களப்பில் பிற்பகல் றோட்டில் ஓடிவிட்டு வந்தால் பற்றரிப் பெட்டியைக் கையால் தொட முடியாது. 45 பாகை செல்சியசுக்கு மேல் இக்கலங்களைச் சார்ஜ் செய்யக்கூடாது. ஆகவே மூடியில் ஒரு சிறு வெப்பமானியைப் பதித்து, பெட்டி ஆறும்வரை காத்திருந்து, பாய், திரைச்சீலை எதுவும் அருகில் இல்லாத சீமெந்துத் தரையில், நான் விழித்திருக்கும் நேரத்தில் மட்டுமே செருகுகிறேன்.

சாய்ந்தமருதிலிருந்து

கல்லடி அண்ணன் எழுதியதைப் படித்ததும், நான் இதுவரை வெளியே சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

வீட்டில் வாப்பாவின் பழைய மின்சைக்கிளின் சார்ஜர் இருந்தது. அதன் மேல் 36 வோல்ற் என்று அச்சிட்டிருந்தது. என் பலகையின் பற்றரியும் 36 வோல்ற்தான் என்பதால் அதையே செருகினேன். அந்தச் சைக்கிளில் இருந்தவை மூன்று ஈய அமிலப் பற்றரிகள் என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. 12 வோல்ற் ஈய அமிலப் பற்றரி ஒன்றை அதன் சார்ஜர் 14.7 வோல்ற் வரை ஏற்றும். மூன்றுக்கும் சேர்த்து 44.1. என் இலித்தியம் பற்றரியோ 42 இல் நிற்க வேண்டியது. பெயர் ஒன்று, நிறுத்தும் இடம் வேறு. என்னுடையவை உறைபோன்ற மென்கலங்கள், பி.எம்.எஸ்ஸும் நான் பூட்டியிருக்கவில்லை.

அஸர் தொழுதுவிட்டு வந்தபோது அறையில் இனிப்புக் கலந்த ஒரு வாசம் இருந்தது. பற்றரியைச் சுற்றியிருந்த நாடா விண்ணென்று இறுகி, கலங்கள் உப்பியிருந்தன. சுவரில் சுவிட்சை நிறுத்தி, மண்வெட்டியில் ஏந்திக் கொண்டுபோய் வளவின் நடுவே வெறும் மணலில் வைத்தேன். உம்மாவையும் தங்கச்சிமாரையும் முன்வாசல் பக்கம் போகச் சொல்லிவிட்டு, இஷா வரை தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தீப்பற்றவில்லை, அல்ஹம்துலில்லாஹ். மறுநாள் அளந்தபோதும் ஒரு கலம் 4.36 இல் நின்றது. உப்பிய கலத்தை ஊசியால் குத்திக் காற்றை விடலாம் என்று ஒருவர் சொன்னார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள், உள்ளே இருப்பது எரியக்கூடிய வாயு.

இப்போது புதிய பற்றரி, பி.எம்.எஸ், 42.0 வோல்ற் சார்ஜர் மூன்றும் வாங்கியிருக்கிறேன். அண்ணனிடம் ஒரு கேள்வி: ஒவ்வொரு முறையும் 42 வரை நிரப்ப வேண்டுமா, கொஞ்சம் குறைவாக நிறுத்தலாமா?

கல்லடியிலிருந்து மீண்டும்

தம்பி, மண்வெட்டியில் ஏந்தி வெளியே கொண்டுபோனதில் ஆபத்து உண்டு. அந்நேரம் புகை வந்திருந்தால் அருகில் போகாமலே விட்டிருக்க வேண்டும். வீட்டில் எவருக்கும் ஒன்றும் நேராதது பெரிய நிம்மதி.

உங்கள் கேள்விக்கு என் விடை, குறைவாக நிறுத்துங்கள் என்பதே. நான் சார்ஜரின் உள்ளே இருக்கும் சிறு திருகியைத் திருப்பி 41.0 இல் நிறுத்தும்படி வைத்திருக்கிறேன். கலங்களின் ஆயுள் கூடும் என்பது ஒரு காரணம். எனக்கு அதைவிடப் பெரிய காரணம் கல்லடிப் பாலம். 2013 இல் திறந்த புதிய பாலத்தில் ஏறி இறங்குகையில் பிரேக் பிடித்தால், மோட்டர் பிறப்பிக்கும் மின்சாரம் திரும்பப் பற்றரிக்குள் செல்கிறது. வீட்டில் 42 வரை நிரப்பிக்கொண்டு நேரே பாலத்துக்குப் போன ஒரு காலையில், அதை ஏற்க இடமின்றி பி.எம்.எஸ் துண்டித்தது, அத்துடன் பிரேக்கும் இல்லாமற் போனது. பின்னால் பேருந்து எதுவும் வராததால் ஓரமாகக் குதித்துத் தப்பினேன். 41.0 க்கு மாற்றிய பிறகு அப்படி நேரவில்லை.

ஆனால் எப்போதும் 41.0 இல் நிறுத்துவதிலும் ஒரு குறை இருக்கிறது. என் பி.எம்.எஸ் தொகுதிகளைச் சமப்படுத்தத் தொடங்குவது 4.18 வோல்ற்றுக்கு மேலேதான், அதுவும் 50 மில்லி அம்பியர் அளவில்; அரை அம்பியர் மணி வேறுபாட்டைச் சரிசெய்யப் பத்து மணித்தியாலம் வேண்டும். முன்பு பச்சை எரிந்தவுடனே கழற்றிவந்ததால் அதற்கு ஒருபோதும் நேரம் கிடைக்கவில்லை. இப்போது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருத்தாத மற்றச் சார்ஜரில் 42 வரை ஏற்றி, பகல் முழுவதும் கண்பார்வையில் செருகியே வைத்திருந்து, மாலையில் பத்துத் தொகுதிகளையும் அளந்து கொப்பியில் குறிக்கிறேன். கடைசியாக அளந்தபோது ஏழாவது தொகுதி 4.18, மற்றவை 4.19. அடுத்து அளக்கும் நாளின் எண்களையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் புதிய பற்றரியின் பத்து எண்களையும் எழுதுங்கள்.